கூண்டு எண்ணை ஏலப் பலகையில் எழுதலாமா?

வங்கக் கடலில் காற்றழுத்தம் உருவானால் பாம்பன் துறைமுகக் கம்பத்தில் கூண்டு ஏறிவிடும். 1 என்றால் தொலைவில் ஏதோ திரள்கிறது. 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துபோயிற்று. கரையில் அந்தக் கம்பத்தை நிமிர்ந்து பார்க்காத ஆள் கிடையாது. வலை பின்னுகிறவர், ஐஸ் ஏற்றுகிறவர், டீக்கடைக்காரர், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாரும் பார்ப்பார்கள். எண்ணை மாற்றுவது மட்டும் ஒரே அலுவலகம். அதுவும் வருடத்தில் விரல் விட்டு எண்ணிவிடக்கூடிய நாட்களில்தான்.

அதே கரையில் மீன் ஏலமும் நடக்கிறது. அங்கே எண் நிற்கவே நிற்காது. ஆயிரம், ஆயிரத்து நூறு, ஆயிரத்து இருநூறு என்று ஏலம் கூறுகிறவர் மூச்சு விடாமல் ஏற்றிக்கொண்டே போவார்.

இந்த இரண்டு எண்களையும் ஒரே பலகையில் எழுதினால் என்ன ஆகும்? கணினி இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலை எழுதுகிறவர்கள் சில மாறிகளை (நிரல் தன் மதிப்புகளைப் போட்டு வைக்கும் பெயருள்ள இடங்களை) மட்டும் பொறுக்கியெடுத்துத் தனியாக ஒரு மூலையில் வைப்பதற்கான காரணம் இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

மீன்பிடித் தடைக்காலத்தில் ஊருக்குப் போயிருந்தபோது அக்கா மகன் இதைக் கேட்டான். ராமநாதபுரத்தில் கம்ப்யூட்டர் படிக்கிறான். லினக்ஸ் இயங்குதளத்தின் கர்னல் மூலநிரலைப் புரட்டிக்கொண்டிருந்தவன், "மாமா, சில மாறிக்குப் பக்கத்துல மட்டும் 'ரீட் மோஸ்ட்லி'ன்னு ஒரு ஒட்டு இருக்கே, அது இல்லாட்டியும் நிரல் ஓடத்தானே செய்யும்?" என்றான். 'பெரும்பாலும் வாசிக்கப்படுவது' என்று அந்த ஒட்டுக்கு அர்த்தம். அது இல்லாவிட்டாலும் நிரல் ஓடும். விடையும் சரியாகவே வரும். "அப்புறம் எதுக்கு அது?" என்றான். கரையேற்றி நிறுத்தியிருந்த வள்ளத்து நிழலில் உட்கார்ந்து அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

ஒரு மாறியின் மதிப்பு ரேமில் இருக்கிறது. செயலிக்குள் தனித்தனியே வேலை செய்யும் பகுதிகளுக்குக் கோர் என்று பெயர். ஒரு கோர் அந்த மதிப்பை ரேமிலிருந்து எடுத்துவர ஏறக்குறைய 100 நானோநொடி பிடிக்கும். 3 கிகாஹெர்ட்ஸ் செயலிக்கு அது 300 சுழற்சி (செயலிக் கடிகாரத்தின் 300 துடிப்பு), சும்மா நின்று கழிக்கிற நேரம். அதனால் ஒவ்வொரு கோரும் தன் மடியிலேயே சிறிய, வேகமான ஒரு நினைவகத்தை வைத்திருக்கிறது. கேஷ் என்பது அதுதான். கேஷின் முதல் அடுக்கில் இருப்பதை எடுக்க நாலைந்து சுழற்சி போதும்.

கேஷ் ஒருபோதும் ஒற்றை மாறியைத் தூக்கி வராது என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் இன்டெல், ஏஎம்டி செயலிகளில் 64 பைட் கொண்ட ஒரு துண்டாகத்தான் அது நினைவகத்தை அள்ளும். அந்தத் துண்டுக்குக் கேஷ் லைன் என்று பெயர். ஆப்பிளின் எம்1 செயலியில் அது 128 பைட், ஐபிஎம்மின் பெரிய மெயின்ஃப்ரேம்களில் 256. ஒரு சாதாரண முழுஎண்ணுக்கு 4 பைட் என்றால் 64 பைட் துண்டில் 16 எண்கள் அடங்கும். உங்களுக்கு வேண்டியது ஒன்று, கூட ஒட்டிக்கொண்டு வருவது பதினைந்து.

அந்தப் பதினைந்து பேர் யார் என்று நிரல் எழுதியவர் முடிவு செய்வதில்லை. எந்த வரிசையில் அறிவித்தார், நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் எப்படி அடுக்கியது, அந்தத் துண்டுகளை இணைக்கும் லிங்கர் எந்தக் கோப்பை முதலில் எடுத்தது என்பதைப் பொறுத்து அமைகிற அக்கம்பக்கம் அது. சம்பந்தமே இல்லாத கோப்பில் யாரோ ஒரு புது மாறியைச் சேர்த்தால் எல்லாம் கொஞ்சம் நகர்ந்து, நேற்று வரை தனித்தனியே இருந்த இருவர் இன்றைக்கு ஒரே வீட்டில் இருப்பார்கள்.

ஒரே கோர் இருந்த காலத்தில் இதனால் கெடுதல் எதுவும் இல்லை. பல கோர்கள் வந்த பிறகுதான் தகராறு.

பலகைக்கே வருவோம். நம் கரை ஏலத்தில் பலகை கிடையாது, எல்லாம் வாய்க்கணக்குதான். கதைக்காக ஒன்றை நட்டுக்கொள்வோம். கரையில் எட்டு கம்பெனிக் கொட்டகைகள். ஒவ்வொரு கொட்டகையிலும் ஒரு சிலேட்டு. தேவைப்படும்போது பையன் ஓடிப்போய்ப் பலகை முழுவதையும் சிலேட்டில் எழுதி வருவான், அப்புறம் அதைப் பார்த்தே வேலை நடக்கும். கணக்கு முன்னுக்குப் பின் முரணாகக் கூடாது என்பதால் ஒரு கட்டுப்பாடு உண்டு: எந்தக் கொட்டகை எதை மாற்றினாலும் மற்ற ஏழு சிலேட்டுகளையும் முழுதாக அழித்துவிட வேண்டும். மாறிய எண்ணை மட்டும் அழிக்கிற சலுகை கிடையாது.

இப்போது பலகையின் ஓரத்தில் கூண்டு எண்ணை எழுதுங்கள். அது காலையிலிருந்து 1 தான், மாறவே இல்லை. ஆனால் அதன் பக்கத்தில் நண்டின் விலை மாறிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு முறை மாறும்போதும் ஏழு சிலேட்டும் அழிகிறது. ஏலத்தோடு எந்த ஒட்டும் இல்லாமல் கூண்டு எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த பையன் மறுபடி மறுபடி ஓட வேண்டும். ஓடிப்போய்ப் பார்த்தால் அங்கே அதே 1.

செயலிக்குள் நடப்பது எழுத்துக்கு எழுத்து இதுதான். ஒவ்வொரு கேஷ் லைனுக்கும் ஒரு நிலை உண்டு: மாற்றப்பட்டது, என்னிடம் மட்டும் உள்ளது, பலரிடமும் உள்ளது, செல்லாதது. இந்த நான்கு நிலை விதிமுறையை 1984-ல் இலினாய் பல்கலைக்கழகத்தில் பாபமார்கோஸ், படேல் என்ற இருவர் வெளியிட்டார்கள். இன்றைய செயலிகளில் அதன் வாரிசுகள்தான் ஓடுகின்றன. ஒரு கோர் எழுத வேண்டுமானால் அந்த லைன் அதனிடம் மட்டும் இருக்க வேண்டும், மற்றவர்களின் நகல்கள் செல்லாததாகிவிட வேண்டும். அடுத்து வாசிக்க வருகிற கோர், எழுதியவரிடமிருந்து புது நகலை வாங்கித்தான் ஆக வேண்டும். இதற்குப் பல பத்து சுழற்சி போகும். எழுதியவர் அதே கணினியின் வேறு சாக்கெட்டில் (செயலியைச் செருகும் இடத்தில்) உள்ள செயலி என்றால் சில நூறுகூட ஆகலாம். நாலைந்து சுழற்சியில் முடிய வேண்டிய வேலை!

உண்மையில் எதையும் பகிராத இருவர் ஒரே லைனில் இருக்கிற பாவத்துக்காகப் பகிர்வதுபோல் அடிபடுகிறார்கள். இதைப் பொய்ப் பகிர்வு என்பார்கள். தொந்தரவு என்னவென்றால் இதில் பிழைச் செய்தியே வராது. நிரல் சரியாக ஓடும், மெதுவாக ஓடும், அவ்வளவுதான். கோர்களைக் கூட்டக் கூட்ட இன்னும் மெதுவாகும். காசு கொட்டிப் பெரிய சர்வர் வாங்கியவர் முழிப்பார்.

கர்னலிலிருந்தே ஒரு ஜோடியைக் காட்டுகிறேன். ஒரு நிரல் "எனக்கு இவ்வளவு நினைவகம் வேண்டும்" என்று கேட்டால், கையிருப்பைத் தாண்டியும் வாக்குக் கொடுக்கலாமா என்று லினக்ஸ் பார்க்கும். அதைத் தீர்மானிக்கிற அமைப்பின் பெயர் 'ஓவர்கமிட் மெமரி'. அதன் மதிப்பு 0, 1, 2 ஆகிய மூன்றில் ஒன்று. பெரும்பாலான கணினிகளில் அது பிறந்தது முதல் சாகும் வரை 0 தான். நிர்வாகி யாராவது ஒருநாள் மாற்றினால் உண்டு. ஆனால் நிரல்கள் நினைவகம் கேட்கும்போதெல்லாம் கர்னல் அதை வாசிக்கிறது. நம் கூண்டு எண் இதுதான்.

இதுவரை மொத்தம் எவ்வளவு வாக்குக் கொடுத்தாயிற்று என்று எண்ணி வைக்க 'கமிட்டட் ஆஸ்' என்று இன்னொரு மாறி இருக்கிறது. எல்லாக் கோர்களும் அதில் கூட்டிக்கொண்டும் கழித்துக்கொண்டும் இருக்கும். இது ஏலத்தொகை. லினக்ஸின் மூலநிரலில் நீண்ட காலம் இந்த இரண்டும் சில வரி இடைவெளியில்தான் அறிவிக்கப்பட்டிருந்தன. சும்மா விட்டிருந்தால் நினைவகத்திலும் தோளோடு தோள் உரசியிருக்கக்கூடும். அதனால் முதலாவதற்கு 'ரீட் மோஸ்ட்லி' ஒட்டு போட்டார்கள். இரண்டாவதைத் தனக்கென ஒரு கேஷ் லைனின் தொடக்கத்தில் உட்கார வைத்தார்கள். பல கோர்கள் இதை அடிக்கடி மாற்றும், மற்ற மாறிகளோடு ஒரே லைனில் இருக்கக் கூடாது என்று மேலே ஒரு குறிப்பையும் எழுதி வைத்தார்கள்.

இந்த ஒட்டுக்குள் மந்திரம் ஒன்றும் இல்லை. கம்பைல் செய்த நிரல் பல செக்‌ஷன்களாகப் பிரிந்திருக்கும். கட்டளைகளுக்கு 'டெக்ஸ்ட்', மாறவே மாறாதவற்றுக்கு 'ஆர்ஓ டேட்டா', தொடக்க மதிப்புள்ள மாறிகளுக்கு 'டேட்டா', சுழியத்தில் தொடங்குபவற்றுக்கு 'பிஎஸ்எஸ்'. 'ரீட் மோஸ்ட்லி' என்பது ஒற்றை வரி மேக்ரோ, அதாவது நீளமான ஒரு குறிப்புக்கு வைத்த சுருக்கப் பெயர். "இந்த மாறியை வழக்கமான இடத்தில் போடாதே, இந்தப் பெயருள்ள செக்‌ஷனில் போடு" என்று கம்பைலரிடம் சொல்கிறது. கர்னலின் ஆயிரக்கணக்கான கோப்புகளில் அப்படிக் குறிக்கப்பட்டவற்றை எல்லாம் லிங்கர் பொறுக்கி ஓரிடத்தில் நெருக்கமாக அடுக்கிவிடும். அந்த இடம் கேஷ் லைன் எல்லையில் தொடங்குகிறது, எல்லையில் முடிகிறது. ஆகவே வேற்றாள் உள்ளே நுழைய வழியில்லை.

லினக்ஸில் இது 2005-ல் வந்தது. அந்தச் செக்‌ஷனின் பெயரில் ஒரு விசித்திரம் உண்டு: 'டேட்டா' என்ற சொல்லுக்கும் 'ரீட்' என்ற சொல்லுக்கும் நடுவில் இரண்டு புள்ளிகள் இருக்கும். எழுத்துப்பிழை என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். ஒவ்வொரு மாறியையும் தனித்தனிச் செக்‌ஷனில் போடச் சொல்லும் வசதி கம்பைலரில் இருக்கிறது. அதைப் பயன்படுத்தினால் 'டேட்டா, புள்ளி, மாறியின் பெயர்' என்று செக்‌ஷன் பெயர்கள் உருவாகும். யாராவது தன் மாறிக்கே 'ரீட் மோஸ்ட்லி' என்று பெயர் வைத்துவிட்டால் இரண்டும் மோதும். சி மொழியில் எந்தப் பெயரும் புள்ளியில் தொடங்க முடியாது. எனவே 2010-ல் இன்னொரு புள்ளியைச் சேர்த்தார்கள், மோதலுக்கு இடமே இல்லாமல் போயிற்று. ஒரு புள்ளியில் முடிந்த வேலை.

ஃப்ரீபிஎஸ்டி, நெட்பிஎஸ்டி என்ற வேறு இயங்குதளங்களின் கர்னல்களிலும் இதே பெயரில் இதே ஒட்டு இருக்கிறது. லினக்ஸ் ஓடும் சில செயலி வகைகளில் இந்த மேக்ரோ வெறுமையாக விடப்பட்டிருக்கும். அங்கே ஒட்டு இருந்தும் இல்லாத கணக்குதான்.

இங்கே புதியவர்கள் இரண்டு விஷயத்தைக் குழப்பிக்கொள்வார்கள். 'ரீட் மோஸ்ட்லி' என்றால் பூட்டு இல்லை. அந்த மாறியை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், கர்னல் தடுக்காது. பூட்டு வேண்டுமென்றால் அதற்கு வேறொரு ஒட்டு இருக்கிறது: 'ஆர்ஓ ஆஃப்டர் இனிட்'. 2016-ல் லினக்ஸ் 4.6 பதிப்பில் வந்தது. கணினி தொடங்கும்போது ஒருமுறை எழுதிக்கொள்ளலாம், தொடக்க வேலை முடிந்ததும் அந்த நினைவகப் பக்கங்களை வாசிக்க மட்டும் என்று மாற்றிவிடுவார்கள். அப்புறம் எவன் எழுத முயன்றாலும் செயலியே பிடித்து நிறுத்தும். படகைக் கடலில் இறக்குவதற்கு முன்பு அணியத்தில் (படகின் முன்முனையில்) பெயின்ட் அடித்த பதிவு எண்ணைப் போல. இதன் முதல் நோக்கம் பாதுகாப்பு: கர்னலுக்குள் புகுந்த திருடன் முக்கியமான சுட்டிகளை, அதாவது நினைவக முகவரிகளை, திருத்திவிடக் கூடாது. வேகம் கூடினால் அது உபரி. தொடக்கத்துக்குப் பிறகு மாறவே மாறாது என்று தெரிந்தால் இதைப் போடுங்கள். என்றாவது மாறலாம் என்றால்தான் 'ரீட் மோஸ்ட்லி'. முன்பு 'ரீட் மோஸ்ட்லி' என்று இருந்த பல மாறிகள் பிற்பாடு இந்தப் பக்கம் குடிபெயர்ந்துவிட்டன.

தடைக்காலத்தையே எடுத்துக்கொள்ளுங்களேன். தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். விசைப்படகு வைத்திருப்பவர் எல்லாருக்கும் மனப்பாடம். ஆனால் 2017-க்கு முன்பு அது 45 நாளாகத்தான் இருந்தது. கல்வெட்டில் செதுக்கியிருந்தால் என்ன பண்ணியிருப்பார்கள்? அதனால்தான் அது 'ஆர்ஓ ஆஃப்டர் இனிட்' அல்ல, 'ரீட் மோஸ்ட்லி'.

"அப்போ அடிக்கடி மாறாத எல்லாத்துக்கும் இந்த ஒட்டைப் போட்டுடலாமே" என்றான் அக்கா மகன். எல்லாரும் இந்த இடத்தில்தான் வழுக்குவார்கள். நானும் வழுக்கியிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு டிரைவரில் (கருவியை இயக்கும் நிரலில்) கண்ணில் பட்ட மாறிக்கெல்லாம் ஒட்டினேன். மூத்தவர் ஒருவர் அத்தனையையும் திருப்பி அனுப்பிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இதை யார் இவ்வளவு வாசிக்கிறார்கள்?" பதில் இல்லை. கருவியைச் செருகும்போது ஒருமுறை வாசிக்கிற மாறிகள் அவை.

அரிதாக எழுதப்படுவது மட்டும் போதாது, ஓயாமல் வாசிக்கப்படவும் வேண்டும். ஏனென்றால் அந்த மூலையின் மதிப்பே நெருக்கத்தில்தான் இருக்கிறது. அடிக்கடி தேவைப்படும் மாறிகள் ஒன்றையொன்று ஒட்டி இருந்தால் ஒரே லைனை இழுத்தால் நாலைந்து வேலைக்கு ஆகும். நடுவில் யாருமே சீண்டாத மாறிகளைத் திணித்தால் நெல்லோடு பதரை அளந்த கதை. இந்த ஒட்டைப் பார்த்துப் பயன்படுத்துங்கள், அளந்து பார்த்த பிறகு போடுங்கள் என்று லினக்ஸின் தலைப்புக் கோப்பிலேயே அறிவுரை எழுதி வைத்திருக்கிறார்கள்.

இன்னொரு விளைவு எனக்கு வெகுநாள் பிடிபடவில்லை. அமைதியானவர்களை எல்லாம் பொறுக்கி வேறு தெருவுக்கு அனுப்பிவிட்டால் பழைய தெருவில் மிஞ்சுவது யார்? ஓயாமல் எழுதப்படும் மாறிகள். இதுவரை இரண்டு சண்டைக்காரர்களுக்கு நடுவே ஒரு சாது இருந்தார். இப்போது சண்டைக்காரர்கள் நேருக்கு நேர். ஒரு பொய்ப் பகிர்வைத் தீர்க்கப் போய் இன்னொன்றை உண்டாக்கிவிடலாம். அதனால்தான் இந்த ஒட்டோடு 'கேஷ் லைன் அலைன்டு' என்ற ஒட்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். அது ஒரு மாறியை லைனின் தொடக்கத்தில் தனியாக உட்கார வைக்கும். சூடாக எழுதப்படுபவருக்குத் தனி வீடு, சூடாக வாசிக்கப்படுபவர்களுக்குக் கூட்டுக் குடும்பம்.

சில்லறைச் செலவும் ஒன்று உண்டு. சுழியத்தில் தொடங்கும் மாறி வழக்கமாக பிஎஸ்எஸ்ஸுக்குப் போகும். அது கர்னல் கோப்பில் இடம் பிடிக்காது. இந்த ஒட்டைப் போட்டால் அது டேட்டா பக்கம் வந்துவிடும், சுழியமும் கோப்பில் எழுதப்படும். நாலைந்து பைட் என்றால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். பல மதிப்புகளை அடுக்கி வைக்கும் பெரிய வரிசை (அர்ரே) என்றால் யோசியுங்கள்.

இந்த வைத்தியம் நிரல் ஓடும் காலம் முழுக்க நிலையாக இருக்கும் (குளோபல் போன்ற) மாறிகளுக்கு மட்டும்தான். ஓட்டத்தின் நடுவே உருவாக்கப்படும் கட்டமைப்புகளுக்கு (பல மாறிகளைச் சேர்த்துக் கட்டிய தொகுப்புகளுக்கு) செக்‌ஷன் கிடையாது. அங்கே உறுப்புகளின் வரிசையைத்தான் மாற்ற வேண்டும். 2024-ல் வந்த லினக்ஸ் 6.8 பதிப்பில் பிணைய அட்டைக்கும் இணையத்தில் தகவல் கொண்டுபோகும் டிசிபி இணைப்புக்குமான பெரிய கட்டமைப்புகளைப் பிரித்து, அனுப்பும்போது வாசிப்பவை, பெறும்போது வாசிப்பவை, எழுதப்படுபவை என்று குழு குழுவாக மறுபடி அடுக்கினார்கள். அதே பலகை வைத்தியம்தான், பலகை மட்டும் வேறு.

எழுதும் கையைக் கட்டுவது இன்னொரு வழி. ஆம், இல்லை என்பதை 1, 0 என்று குறிக்கும் ஒரு கொடி மாறியை 1 ஆக்க வேண்டும் என்றால் முதலில் வாசித்துப் பாருங்கள். ஏற்கெனவே 1 என்றால் மறுபடி 1 எழுதாதீர்கள். மதிப்பு மாறவில்லையே என்று நாம் நினைப்போம். செயலி அப்படிப் பார்க்காது, எழுதினால் எழுதியதுதான். எல்லாருடைய நகலும் போச்சு.

எதை எங்கே வைப்பது என்று ஊகித்துக்கொண்டிருக்க வேண்டாம். லினக்ஸின் 'பெர்ஃப்' கருவியில் 'சி2சி' என்று ஒரு கிளைக்கட்டளை 2017-ல் வந்த 4.10 பதிப்பில் சேர்ந்தது. எந்தக் கேஷ் லைனுக்காகக் கோர்கள் அடித்துக்கொள்கின்றன, அந்த லைனின் எத்தனையாவது பைட்டை யார் தொடுகிறார்கள் என்று அது பட்டியல் போட்டுக் காட்டும். அதைப் பார்த்த பிறகு ஒட்டுங்கள்.

கர்னலைத் தொடாமலேயே வீட்டில் செய்து பார்க்கலாம். சி மொழியில் ஒரு கட்டமைப்பு எழுதி அதில் இரண்டு எண்களை அடுத்தடுத்து வையுங்கள். ஒரு திரெட் (நிரலுக்குள் தனியாக ஓடும் இழை) முதல் எண்ணைக் கோடிக்கணக்கான முறை கூட்டட்டும், இன்னொரு திரெட் இரண்டாவதை வாசித்துக்கொண்டே இருக்கட்டும். கம்பைலர் கெட்டிக்காரத்தனமாக அந்தச் சுற்றையே தூக்கி எறிந்துவிடாதபடி இரண்டையும் 'வாலடைல்' என்று அறிவியுங்கள். நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு இரண்டுக்கும் நடுவே 64 பைட் வெற்று வரிசை ஒன்றைச் செருகி மறுபடி ஓட்டுங்கள். அக்கா மகன் அன்று சாயங்காலமே ஓட்டிப் பார்த்தான். இரண்டாவது ஓட்டத்துக்கு ஆன நேரத்தைப் பார்த்துவிட்டு, கடிகாரம்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து நாலு தடவை ஓட்டினான்.

மறுநாள் காலையில் பல் விளக்கிக்கொண்டே வந்தான். "மாமா, ஜிஃபீஸ்னு ஒரு மாறி இருக்கே, அதை எங்க வைப்பாங்க?"

நல்ல கேள்வி. ஜிஃபீஸ் என்பது கர்னலின் நாடித்துடிப்புக் கணக்கு. கர்னலைக் கட்டும்போது வைத்த அமைப்பைப் பொறுத்து நொடிக்கு 100, 250, 300 அல்லது 1000 முறை ஏறும். கர்னலில் எந்த மூலைக்குப் போனாலும் யாராவது ஒருவர் அதை வாசித்துக்கொண்டிருப்பார். கூண்டு எண்ணைப் போல எல்லாரும் பார்ப்பது, ஏலத்தொகையைப் போல ஏறிக்கொண்டே இருப்பது. வாசிப்போர் மூலையில் விட்டால் நொடிக்கு 250 முறை மொத்தக் குடும்பத்தின் தூக்கத்தையும் கெடுக்கும். பொதுத் தெருவில் விட்டால் அக்கம்பக்கத்து எழுத்துகள் இதை வாசிப்பவர்களை எல்லாம் ஓட வைக்கும்.

"அப்போ?"

தனி வீடுதான் மருமகனே. லினக்ஸில் அது 'கேஷ் லைன் அலைன்டு' ஒட்டோடுதான் அறிவிக்கப்பட்டிருக்கிறது. 64 பைட் லைனில் அதற்குத் தேவை 8 பைட். மிச்சம் 56 பைட்டும் காலியாகவே கிடக்கும், யாரையும் குடிவைக்க மாட்டார்கள்.